தனிச்செய்திக்குப் பதில் சொல்லும் சாட்பாட்: கோளாறு பெரும்பாலும் முகவரியில்தான்

குழுவில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும் சாட்பாட்டுக்கு ஒருவர் தனியாகச் செய்தி அனுப்புகிறார். பாட் வாயே திறக்கவில்லை. அல்லது, தனியாகக் கேட்ட கேள்விக்குக் குழுவில் எல்லார் முன்னாலும் பதில் போடுகிறது. சில நேரம் நிரலே விழுந்துவிடுகிறது. எழுதியவர் முதலில் கை வைப்பது பதிலைத் தயாரிக்கும் பகுதியில். அங்கே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. செய்தி யாரிடமிருந்து வந்தது, எந்த இடத்தில் வந்தது, பதில் எங்கே போக வேண்டும் என்ற கணக்கில்தான் பிழை இருக்கும். இன்று பலரும் பின்னால் பதிலை எழுதித்தரும் ஒரு பெரிய மொழி மாதிரியை (எல்எல்எம்) இணைத்துவிடுகிறார்கள்; பதில் அழகாக வருகிறது. அந்த அழகான பதில் தவறான ஆளிடம் போய்ச் சேருவதை மொழி மாதிரியால் தடுக்க முடியாது.

இங்கே விளக்கத்துக்குப் பெரும்பாலும் டெலிகிராமை எடுத்துக்கொள்வோம். சில நிமிடத்தில் கணக்குத் திறக்கலாம், காசு கேட்பதில்லை, ஆவணங்களும் தெளிவாக இருக்கின்றன. ஆனால் சிக்கலின் எலும்புக்கூடு தெரிய வேண்டுமானால் ஐஆர்சியில் தொடங்குவதே நல்லது.

ஒரே கட்டளை, இரண்டு இடம்

ஐஆர்சி 1988இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்காரினன் எழுதிய அரட்டை அமைப்பு. அதன் நெறிமுறை 1993 மே மாதம் ஆர்எஃப்சி 1459 என்ற ஆவணமாக வெளிவந்தது. அதில் குழுவுக்கு ஒரு கட்டளை, தனிச்செய்திக்கு வேறொரு கட்டளை என்று இல்லை. இரண்டுக்கும் பிரிவ்எம்எஸ்ஜி என்ற ஒரே கட்டளைதான். சர்வரிலிருந்து வரும் வரியில் முதலில் அனுப்பியவரின் புனைபெயரும் கணினி முகவரியும், அடுத்து கட்டளை, அடுத்து பெறுநர், கடைசியில் முக்காற்புள்ளிக்குப் பின் உரை. பெறுநர் இருக்க வேண்டிய இடத்தில் ஹேஷ் குறியோடு தொடங்கும் பெயர் இருந்தால் அது சேனல். சாட்பாட்டின் சொந்தப் பெயரே இருந்தால் அது தனிச்செய்தி.

முதல்முறை பாட் எழுதுகிறவர்கள் விழும் குழி இங்கேதான். சேனலில் சோதிக்கும்போது, ‘பெறுநர் என்று எது வந்ததோ அதற்கே பதிலை அனுப்பு’ என்று எழுதினால் சரியாக வேலை செய்யும். அதே நிரலுக்குத் தனிச்செய்தி வந்தால் பெறுநர் பாட் தானே. ஆகவே பதில் தனக்கே போகும். சர்வர் அதை ஒழுங்காகத் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கும். பாட் அதையும் ஒரு புதுத் தனிச்செய்தியாக எடுத்துக்கொண்டு மறுபடி தனக்கே பதில் எழுதும். சில விநாடியில் சர்வர் ‘எக்ஸஸ் ஃப்ளட்’ என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிடும். இதற்கான திருத்தம் ஒரே நிபந்தனை: பெறுநர் பெயர் என் பெயராக இருந்தால் பதில் அனுப்பியவருக்கு, இல்லையென்றால் அந்தச் சேனலுக்கு.

அதே ஆவணம் இன்னொரு விதியையும் வைத்திருக்கிறது. பிரிவ்எம்எஸ்ஜிக்கு ஒரு தம்பி உண்டு, நோட்டீஸ் என்று பெயர். நோட்டீசாக வந்த செய்திக்குத் தானியங்கிப் பதில் ஒருபோதும் அனுப்பக் கூடாது என்று 1993லேயே எழுதிவைத்துவிட்டார்கள். இரண்டு பாட்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டே விடிய விடிய ஓடுவதைத் தடுக்கத்தான் அது. முப்பது வருடம் கழித்தும் பாட் எழுதுகிறவர்கள் மறக்கக் கூடாத விதி இது. செய்தியை அனுப்பியது இன்னொரு பாட் என்றோ, தானே என்றோ தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

1993 டிசம்பரில் ரோபி பாயின்டர் எழுதத் தொடங்கிய எக்டிராப் என்ற ஐஆர்சி பாட் இந்தக் குழப்பத்தை அடியோடு தவிர்த்தது. எந்தக் கட்டளை வந்தால் எந்த நிரல் பகுதி ஓட வேண்டும் என்று சொல்வது அதில் பிணைப்பு. சேனலில் வரும் கட்டளைக்கு ‘பப்’ என்ற பிணைப்பு, தனிச்செய்தியில் வரும் கட்டளைக்கு ‘எம்எஸ்ஜி’ என்ற பிணைப்பு. இரண்டும் வெவ்வேறு; சேனல் பெயர் என்ற அளவுருவே எம்எஸ்ஜி பிணைப்பின் செயற்கூறுக்கு வராது. இல்லாத சேனலுக்குப் பதில் அனுப்ப நினைத்தாலும் முடியாது. பாட் எழுத உதவும் நிரல் நூலகங்கள் பலவற்றிலும் ‘எல்லாச் செய்திக்கும் ஒரே கையாளி’ (செய்தி வந்ததும் ஓடும் நிரல் பகுதி) என்பதே இன்று முதல் பாடமாகச் சொல்லித்தரப்படுகிறது. எக்டிராப் போன வழி அதைவிட நல்லது.

இரண்டு எண்களும் ஒன்றாகத் தெரிவதன் ஆபத்து

டெலிகிராம் தன் பாட் இடைமுகத்தை 2015 ஜூனில் திறந்தது. பாட்ஃபாதர் என்ற கணக்குக்குப் போய் நியூபாட் கட்டளை கொடுத்து, ஒரு பெயரும், ‘பாட்’ என்று முடியும் பயனர்பெயரும் சொன்னால் டோக்கன் தரும். சில இலக்கங்கள், ஒரு முக்காற்புள்ளி, பிறகு நீளமான எழுத்துத் தொடர். இதுதான் சாவி.

ஒரு சிறு நூலகத்துக்கு பாட் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர் புத்தகப் பெயரை அனுப்பினால் இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். கேட்டால் எடுத்துவைக்க வேண்டும்.

வரும் ஒவ்வொரு செய்தியிலும் ‘ஃப்ரம்’ என்று அனுப்பியவரின் விவரம் இருக்கும். ‘சாட்’ என்று செய்தி வந்த இடத்தின் விவரம் இருக்கும். சாட்டுக்குள் அதன் வகையும் உண்டு: பிரைவேட், குரூப், சூப்பர்குரூப், சேனல் இவற்றில் ஒன்று. தனி உரையாடலில் ஃப்ரம் ஐடியும் சாட் ஐடியும் ஒரே எண். வசதியாகத்தான் இருக்கிறது, ஆனால் பிழையை மறைத்துவைப்பதும் அதுவே. எழுதியவர் தன் போனிலிருந்து தனியாகவே சோதித்துப் பார்க்கிறார். பதிலை ஃப்ரம் ஐடிக்கு அனுப்பியிருந்தாலும் சாட் ஐடிக்கு அனுப்பியிருந்தாலும் ஒன்றுதான், எல்லாம் ஓடுகிறது. ஃப்ரம் ஐடிக்கு அனுப்பியிருந்தால், பிறகு வாசகர் குழுவில் சேர்த்ததும், குழுவில் கேட்டவருக்குத் தனியாகப் பதில் போகிறது. அவர் அதுவரை சாட்பாட்டோடு பேசியதே இல்லையென்றால் 403 (அனுமதி இல்லை) என்ற பிழை. குழுவில் இருப்பவர்களுக்கு பாட் ஊமையாகத் தெரிகிறது.

நினைவு வைக்கும் இடத்தில் இதன் மறுபக்கம். ‘எந்தப் புத்தகம் வேண்டும்?’ என்று கேட்டுவிட்டு பாட் பதிலுக்குக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பை சாட் ஐடியை மட்டும் வைத்துப் பதிந்திருந்தால் தனியில் சரி. குழுவிலோ, கட்டளை கொடுத்தவர் ஒருவர், அடுத்த வரி எழுதியவர் இன்னொருவர். ‘நாளைக்கு மழை வருமாமே’ என்ற வரியைப் புத்தகப் பெயராக எடுத்துக்கொண்டு பாட் தேடப் போய்விடும். விதி எளிது: பதில் போவது சாட் ஐடிக்கு, நினைவு நிற்பது சாட் ஐடி, ஃப்ரம் ஐடி இரண்டும் சேர்ந்த இணையின் மேல். உறுப்பினர் எண், கடன் விவரம் மாதிரி அந்தரங்கமான எதையும் வகை பிரைவேட் என்று உறுதிசெய்த பிறகே சொல்ல வேண்டும். குழுவில் கேட்டால் ‘தனியாகக் கேளுங்கள்’ என்று ஒரு பொத்தானோடு அனுப்பிவிடலாம்.

ஐடி எண்களைச் சேமிக்கும்போது ஒரு கவனம். குழுக்களின் எண் எதிர்மறை. சூப்பர்குரூப் எண் கழித்தல் குறியோடு 100 என்று தொடங்கும். பயனர் எண் 32 பிட்டுக்குள் அடங்காமல் போகலாம், 52 பிட் வரை நீளலாம் என்று ஆவணமே எச்சரிக்கிறது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தள அட்டவணையில் சாதாரண ‘இன்ட்’ (32 பிட் எண் வகை) என்று போட்டுவைத்தால் பழைய கணக்குக்காரர்களுக்கெல்லாம் சரியாக இருக்கும். புதிதாகச் சேர்ந்தவர் வந்ததும் பதிவு உடையும். ‘பிக்இன்ட்’ (64 பிட்) என்று போடுங்கள்.

பேச்சைத் தொடங்கும் உரிமை

டெலிகிராமில் பாட் தானாக யாருக்கும் முதல் செய்தி அனுப்ப முடியாது. பயனர்தான் முதலில் வந்து ஸ்டார்ட் பொத்தானை அழுத்த வேண்டும். நூலகத்திடம் நூறு உறுப்பினர்களின் போன் எண் இருக்கிறது, எல்லாருக்கும் பாட் மூலம் சொல்லிவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. வழி, சுட்டியில் இருக்கிறது. சாட்பாட்டின் முகவரிக்குப் பின்னால் ‘ஸ்டார்ட்’ என்ற அளவுருவோடு 64 எழுத்து வரை ஒரு குறியீட்டை ஒட்டலாம். ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, இணைகோடு மட்டும் செல்லும். அந்தச் சுட்டியை கியூஆர் படமாக உறுப்பினர் அட்டையில் அச்சிட்டால், ஸ்டார்ட் அழுத்தியதும் குறியீடு சாட்பாட்டுக்கு வந்துசேரும். இந்த டெலிகிராம் கணக்கு இந்த உறுப்பினருடையது என்று இணைத்துவிடலாம். ஆனால் குறியீடாக உறுப்பினர் எண்ணையே போட்டால் 1041 என்பதை 1042 என்று மாற்றி அடுத்தவர் கணக்குக்குள் நுழைவது சிறுவர் விளையாட்டு. யூகிக்க முடியாத நீண்ட சரம் ஒன்றை உண்டாக்கி, ஒருமுறை பயன்பட்டதும் செல்லாததாக்கிவிட வேண்டும்.

பயனர் சாட்பாட்டைத் தடுத்துவிட்டால் அனுப்பும் முயற்சி 403 என்று திரும்பும். அதைப் பிழையாகப் பதிந்துவிட்டு நாளையும் முயலும் நிரல்கள் ஏராளம். அவரைப் பட்டியலிலிருந்து இறக்கிவிடுங்கள். மறுபடி ஸ்டார்ட் அழுத்தினால் ஏற்றிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பின் வணிக இடைமுகத்தில் விதி இன்னும் இறுக்கம்: வாடிக்கையாளரின் கடைசிச் செய்தியிலிருந்து 24 மணி நேரம்தான் விருப்பப்படி எழுதலாம், அதற்குப் பிறகு முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வார்ப்புருச் செய்தி மட்டுமே.

ஒரு ஸ்டிக்கர் சாட்பாட்டை எப்படிக் கொல்கிறது

செய்திகளை வாங்க இரண்டு வழி. ஒன்று, பாட் போய் ‘ஏதாவது வந்திருக்கிறதா’ என்று கேட்பது. கெட்அப்டேட்ஸ் என்ற அழைப்பு. ஒரு அழைப்பில் 100 வரை தரும். டைம்அவுட் என்ற இடத்தில் 30, 50 என்று விநாடி கொடுத்தால், செய்தி வரும்வரை சர்வர் இணைப்பைப் பிடித்துவைத்திருக்கும். நம் பக்க எச்டிடிபி நூலகத்தின் காத்திருப்பு நேரம் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றும் வராத இரவு முழுக்க டைம்அவுட் பிழை பதிவாகிக்கொண்டிருக்கும். இரண்டாவது வழி வெப்ஹுக்: செய்தி வந்ததும் டெலிகிராமே நம் சர்வரைக் கூப்பிடும். எச்டிடிபிஎஸ் கட்டாயம், 443, 80, 88, 8443 ஆகிய நான்கு போர்ட்கள் மட்டும்.

இரண்டையும் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ள முடியாது. வெப்ஹுக் பதிந்திருக்கும்போது கெட்அப்டேட்ஸ் கேட்டால் 409 (மோதல்) என்ற பிழை. ஒரே டோக்கனில் இரண்டு இடத்தில் கெட்அப்டேட்ஸ் ஓடினாலும் 409. மடிக்கணினியில் சோதனைக்கு ஓட்டியதை நிறுத்தாமல் சர்வரிலும் ஏற்றிவிட்டால் வருவது இதுதான். சோதனைக்கென்று தனி டோக்கன் வாங்கிக்கொள்வதே மருந்து.

கெட்அப்டேட்ஸ் முறையில் ஒவ்வொரு வரவுக்கும் ஓர் எண் உண்டு. கடைசியாகக் கையாண்ட எண்ணோடு ஒன்று கூட்டி, அடுத்த அழைப்பில் ஆஃப்செட்டாகக் கொடுத்தால்தான் ‘அதுவரை பெற்றுக்கொண்டேன்’ என்று பொருள். கொடுக்காவிட்டால் அதே செய்தி மறுபடி வரும். இந்த ஏற்பாட்டோடு இன்னொரு சின்னப் பிழை சேரும்போது நடப்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

நிரல் ‘செய்தியின் உரையை எடு’ என்று தொடங்குகிறது. உறுப்பினர் ஒருவர் உரை எதுவும் இல்லாமல் ஒரு ஸ்டிக்கர் அனுப்புகிறார். அந்தச் செய்தியில் ‘டெக்ஸ்ட்’ என்ற புலமே இருக்காது. காலியாக இருக்கும் என்று நினைத்தால் தவறு, புலமே கிடையாது. பைத்தானில் கீஎரர், அதாவது ‘கேட்ட புலம் இல்லை’ என்ற பிழை. நிரல் விழுகிறது. ஆஃப்செட்டைக் கூட்டும் வரி கையாளிக்குக் கீழே இருந்ததால் அது ஓடவே இல்லை. லினக்ஸில் நிரல்களைக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டி அக்கறையாக நிரலை மறுபடி எழுப்புகிறது. முதல் அழைப்பிலேயே அதே ஸ்டிக்கர் வருகிறது. மறுபடி விழுகிறது. பின்னால் வரிசையில் நிற்கும் எல்லாருடைய தனிச்செய்திகளும் அந்த ஒரு ஸ்டிக்கருக்குப் பின்னால் மாட்டிக்கொள்கின்றன. டெலிகிராம் வரவுகளை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை. ஆகவே ஒருநாள் கழித்து பாட் தானாகவே ‘சரியாகிவிடும்’. ஏன் சரியானது என்று யாருக்கும் தெரியாது, அடுத்த ஸ்டிக்கர் வரும்வரை.

தடுக்க இரண்டு வேலை. ஒவ்வொரு வரவின் கையாளலையும் தனித்தனியே பிழைப்பிடிப்புக்குள் வைத்து, வெற்றியோ தோல்வியோ, எண்ணைக் கூட்டிவிட வேண்டும். தோற்றதைத் தனியே பதிந்துகொள்ளலாம். அடுத்து, எந்த வகைச் செய்தி என்று பார்த்துவிட்டே உள்ளே விட வேண்டும். படத்தோடு வரும் வரிகள் டெக்ஸ்ட்டில் வராது, கேப்ஷனில் வரும். ஒருவர் எழுதியதைத் திருத்தினால் அது எடிட்டட்மெசேஜ் என்ற வேறு பெயரில் வரும். அதைப் புதுச் செய்தியாக எடுத்தால் ஒரே புத்தகம் இருமுறை பதிவாகும். மூன்று படங்களை ஆல்பமாக அனுப்பினால் மூன்று தனிச் செய்திகளாக வரும், மீடியாகுரூப் ஐடி மட்டும் பொதுவாக இருக்கும்; கவனிக்காவிட்டால் ‘படம் பார்க்கத் தெரியாது, மன்னிக்கவும்’ என்று மூன்று முறை சொல்லும். ஒருமுறை சொன்னால் போதும்.

குழுவில் புரியாத செய்தியைக் கண்டுகொள்ளாமல் விடுவது மரியாதை. தனியில் அது மரியாதைக் குறைவு. தனியாக வந்த எல்லாமே சாட்பாட்டைப் பார்த்துச் சொன்னவைதான். ஆகவே ஒரு வாய்ஸ் நோட்டுக்குக்கூட ஏதோ ஒரு வரி பதில் இருக்க வேண்டும்.

பாட் இரவெல்லாம் நின்றிருந்து காலையில் எழுந்தால் தேங்கியவை மொத்தமாக வந்து விழும். நேற்று மாலை ‘இப்போது நூலகம் திறந்திருக்கிறதா’ என்று கேட்டவருக்குக் காலை ஏழு மணிக்கு ‘இல்லை’ என்று போகும். ஒவ்வொரு செய்தியிலும் டேட் என்று யூனிக்ஸ் நேரம் இருக்கிறது. சில மணி நேரத்துக்கு முந்தையது என்றால் வேறு வகையாக, ‘தாமதத்துக்கு மன்னிக்கவும்’ என்று தொடங்குவதே முறை.

வெப்ஹுக்கில் வேறு தொல்லை. நம் சர்வர் 200 வரிசையில் (‘சரி, கிடைத்தது’ என்ற பொருளில்) பதில் தராவிட்டால் டெலிகிராம் அதே வரவை மறுபடி அனுப்பும். பின்னால் இருக்கும் மொழி மாதிரி பதில் யோசிக்க நேரமெடுத்துக்கொண்டால், முதல் அழைப்பு இன்னும் முடியாமல் இருக்கும்போதே அதே கேள்வி இரண்டாம் முறை வந்து நிற்கும். கேட்டவருக்கு இரண்டு பதில். வந்ததும் வரிசையில் போட்டுவிட்டு உடனே 200 சொல்லிவிட வேண்டும், வேலையைப் பிறகு செய்ய வேண்டும். வரவு எண்ணைப் பதிந்துவைத்து, ஏற்கெனவே பார்த்தது என்றால் தள்ளிவிட வேண்டும். இன்னொன்று: வெப்ஹுக் இயல்பாகவே 40 இணைப்புகள் வரை ஒரே நேரத்தில் திறக்கும். ஒருவர் ‘பொன்னி’ என்று ஒரு வரியும் ‘இல்லை, வேறு புத்தகம்’ என்று அடுத்த வரியும் தட்டினால் இரண்டும் இணையாக ஓடி, இரண்டாவது முதலில் முடியலாம். ஒவ்வொரு பயனருக்கும் ஒரு வரிசை, ஒருவருடைய செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக. வெவ்வேறு ஆட்களுடையவை இணையாக ஓடட்டும்.

உரையாடல் பாதியில் நிற்கும்போது

புத்தகப் பெயர், எந்தக் கிளை, எந்த நாள் என்று மூன்று கேள்வி கேட்கும் சாட்பாட்டுக்கு, இந்த ஆள் இப்போது எந்தப் படியில் நிற்கிறார் என்ற பதிவு வேண்டும். அதை நிரலின் நினைவகத்திலேயே ஒரு அகராதியாக வைப்பதுதான் எல்லாப் பாடங்களிலும் காட்டப்படும் முறை. நிரலை மறுதொடக்கம் செய்தால் எல்லாரும் நடுத்தெருவில் நிற்பார்கள். எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் ஓர் அட்டவணை போதும்: சாட் ஐடி, பயனர் ஐடி, படி, அதுவரை சொன்ன விவரம், கடைசியாகத் தொட்ட நேரம். அரை மணி நேரம் தொடாமல் கிடந்தால் அழித்துவிடலாம். இல்லாவிட்டால் நாளை மறுநாள் அவர் ‘வணக்கம்’ என்று சொன்னால் அதைக் கிளையின் பெயராக எடுத்துக்கொண்டு, ‘அப்படி ஒரு கிளை இல்லை’ என்று பதில் வரும். எந்தப் படியில் இருந்தாலும் ஸ்டார்ட் கட்டளையும் ரத்துக் கட்டளையும் வேலை செய்ய வேண்டும். கட்டளைகளைப் படிக்கும் சோதனை, படியைப் பார்க்கும் சோதனைக்கு மேலே இருந்தால் இது தானாக அமையும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு வரும் தொல்லை

டெலிகிராம் கட்டளைப் பெயர்களில் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே செல்லும், அதுவும் 32 எழுத்துக்குள். ‘தேடு’ என்று தமிழில் கட்டளை வைக்க முடியாது. அதனால் தமிழ்ப் பயனர்களுக்குப் பொத்தான்களே நல்லது. பொத்தானின் மேல் தமிழில் எழுதலாம். ஆனால் அழுத்தியதும் சாட்பாட்டுக்குத் திரும்பும் கால்பேக் தரவு 64 பைட்டுக்குள் இருக்க வேண்டும். எழுத்து அல்ல, பைட். யூடிஎஃப்-8இல் எழுத்து, துணைக்குறி, புள்ளி என ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ‘வணக்கம்’ என்பதில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறியீடு, அதாவது 21 பைட். 64 பைட்டில் 21 குறியீடு; புத்தகப் பெயரை அப்படியே போட்டால் சின்னத் தலைப்புகள் மட்டும் ஓடும், கொஞ்சம் நீண்ட தலைப்பு வந்ததும் அந்தச் செய்தி முழுவதுமே மறுக்கப்படும். தரவில் புத்தகத்தின் வரிசை எண்ணை வைத்தால் போதும். பொத்தான் அழுத்தப்பட்டதும் ஆன்சர்கால்பேக்குவெரி என்று ஒரு ஒப்புகையும் அனுப்ப வேண்டும். மறந்தால் பொத்தானில் சுழலும் குறி நின்றபாடில்லை.

ஐஆர்சியில் இது இன்னும் கடுமை. ஒரு வரி முழுவதும் வரிமுடிவுக் குறிகளோடு சேர்த்து 512 பைட். அதற்குள்தான் அனுப்பியவரின் முகவரியும் வரும். அந்த முன்னொட்டுக்கு நூறு பைட் போனால் தமிழுக்கு 140 குறியீடுகூட மிஞ்சாது. மீதியைச் சர்வர் வெட்டிவிடும், ஓர் எழுத்தின் நடுவிலேயே. எந்தத் தளமானாலும், டெலிகிராமின் 4096 எழுத்து வரம்பானாலும், நீண்ட பதிலை நாமே வரி முடிவிலோ வாக்கிய முடிவிலோ பிரித்து அனுப்புவதே வழி. குறியீட்டு எண்ணிக்கையில் கத்தரித்தால் ‘க்’ என்பதில் ‘க’ ஒரு செய்தியிலும் புள்ளி அடுத்த செய்தியிலும் போய் உட்காரும்.

தேடலில் ஒப்பிடும்போது இன்னொன்று தலைகாட்டும். ‘கொ’ என்பதை இரண்டு விதமாகத் தட்டச்சு செய்திருக்கலாம்: ஒகரக் குறி ஒன்றாகவோ, ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவோ. திரையில் வித்தியாசம் தெரியாது, நிரலுக்கு வேறு வேறு. வரும் உரையையும் பட்டியலையும் என்எஃப்சி என்ற ஒருங்குறி வடிவுக்கு மாற்றினால் இது தீரும். ஆனால் ‘ஔ’ எழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடிப்பவர்களை என்எஃப்சி காப்பாற்றாது. ‘ஸ்ரீ’ எழுத்தும் அப்படியே. ஸகரத்தை வைத்தும், 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் அதே உருவம் வரும். இவற்றுக்கு ஒரு சிறு மாற்று அட்டவணையை நாமே எழுத வேண்டும். கூடவே, பாதிப் பேர் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் தட்டுவார்கள். அதற்குத் தலைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று ஆங்கில வடிவங்களைக் கையால் சேர்த்துவைப்பதே, சிறு நூலக அளவுக்கு, எந்த எழுத்துப்பெயர்ப்பு நூலகத்தையும் விடப் பலன் தரும்.

அனுப்பும் வேகமும் ஒரு முற்றுப்புள்ளியும்

ஒரே உரையாடலுக்கு விநாடிக்கு ஒரு செய்திக்கு மேல் வேண்டாம், ஒரு குழுவுக்கு நிமிடத்துக்கு 20க்கு மேல் வேண்டாம், பலருக்கும் சேர்த்து அனுப்பினால் விநாடிக்குச் சுமார் 30 என்பது டெலிகிராம் சொல்லும் கணக்கு. மீறினால் 429 வரும். கூடவே ரிட்ரைஆஃப்டர் என்று எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்ற எண்ணும் வரும். அந்த எண்ணைப் படிக்காமல் உடனே மறுபடி தட்டுவது வீண்.

பதில் சில புத்தகங்களுக்கு மட்டும் போகவில்லை என்றால் தடித்த எழுத்து போன்றவற்றுக்கு டெலிகிராம் தரும் மார்க்டவுன் வி2 என்ற குறிமுறை மீது சந்தேகப்படுங்கள். அந்த முறையில் முற்றுப்புள்ளி, இணைகோடு, ஆச்சரியக்குறி, அடைப்புக்குறி எல்லாவற்றுக்கும் முன்னால் பின்சாய்வுக்கோடு வேண்டும். ‘தி. ஜா.’ என்ற பெயர் ஒன்றே போதும், மொத்தச் செய்தியும் 400 பிழையோடு திரும்ப. எச்டிஎம்எல் முறையில் உரைக்குள் மூன்று குறிகளை மட்டும் மாற்றினால் போதும். தடித்த எழுத்து தேவையே இல்லையென்றால் எந்த முறையும் குறிப்பிடாமல் அனுப்புவதே உத்தமம்.

தனிச்செய்தி என்பது எவ்வளவு தனி?

சாட்பாட்டோடு நடக்கும் உரையாடலுக்கு முனைக்கு முனை மறையாக்கம் கிடையாது. டெலிகிராமின் ரகசிய உரையாடல் வசதியில் பாட்கள் சேரவே முடியாது. சர்வர் உரிமையாளரும் நிரல் எழுதியவரும் எல்லாவற்றையும் படிக்கலாம். பிழைதேடும் ஆர்வத்தில் வரவு முழுவதையும் பதிவுக் கோப்பில் கொட்டிவைப்பது வழக்கம். அதில் பெயர், போன் எண், மனக்குறை எல்லாம் கிடக்கும். எண்ணும் வகையும் மட்டும் பதிந்தால் பிழைதேட அதுவே பெரும்பாலும் போதும்.

டோக்கன் கசிவதும் பதிவுக் கோப்பு வழியாகத்தான். டெலிகிராம் அழைப்பின் இணைய முகவரிக்குள்ளேயே டோக்கன் இருக்கிறது. பைத்தானின் எச்டிடிபிஎக்ஸ் நூலகம் இன்ஃபோ என்ற பதிவு நிலையில் ஒவ்வொரு அழைப்பின் முகவரியையும் முழுதாக எழுதும். இணைப்புப் பிழை வந்தால் பிழைச் செய்தியிலும் அது இருக்கும். உதவி கேட்டு அதை அப்படியே எங்காவது ஒட்டினால் சாவியையும் சேர்த்துக் கொடுத்தது மாதிரி. அந்த நூலகத்தின் பதிவை வார்னிங் நிலைக்கு உயர்த்திவிடுங்கள். ஒருமுறை வெளியே போய்விட்டால் பாட்ஃபாதரிடம் ரிவோக் கொடுத்துப் புதிதாக வாங்குவதைத் தவிர வழியில்லை. வெப்ஹுக் பதியும்போது ஒரு ரகசியச் சொல்லையும் கொடுத்துவைத்தால், ஒவ்வொரு அழைப்பின் தலைப்புப் பகுதியிலும் (ஹெடர்) டெலிகிராம் அதை அனுப்பும். அது இல்லாமல் வந்த அழைப்பு போலி.

நிர்வாகக் கட்டளைகளைப் பயனர்பெயர் பார்த்து அனுமதிக்கக் கூடாது. பயனர்பெயரை யாரும் எப்போதும் மாற்றலாம், விட்டுப்போனதை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். எண் ஐடி மாறாது. ஐஆர்சியில் புனைபெயரை நம்பி ஏமாந்த அதே கதைதான்.

டிஸ்கார்டுக்குப் போனால்

டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் அறிகுறிகள் தலைகீழாக வரும். 2022 செப்டம்பர் முதல் சர்வர் (அங்கே ஒரு சமூகக் குழுவுக்கு அதுதான் பெயர்) சேனல்களில் செய்தி உரையைப் படிக்கத் தனி அனுமதி வேண்டும்; சாட்பாட்டுக்கே வரும் தனிச்செய்திக்கு வேண்டாம். அனுமதி இல்லாமல் ஓட்டினால் தனியில் நன்றாகப் பேசும், சேனலில் உரை காலியாக வரும். மாறாக டிஸ்கார்ட்.ஜேஎஸ் நூலகத்தில் தனிச்செய்தியே வராமல் போனால், டைரக்ட்மெசேஜஸ் இன்டென்ட்டும் (எந்த நிகழ்வுகள் வேண்டும் என்ற அறிவிப்பு) ‘சேனல்’ பார்ஷியலும் (நினைவில் இல்லாத உரையாடலையும் ஏற்கச் சொல்லும் அமைப்பு) போடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். தனி உரையாடல்கள் முன்கூட்டியே நினைவில் ஏற்றப்படுவதில்லை. தனிச்செய்தியில் சர்வரைக் குறிக்கும் ‘கில்ட்’ என்ற புலம் வெறுமை, சர்வர் பெயரை எடுக்கும் வரியில் நிரல் விழும். சாட்பாட்டின் சொந்தச் செய்திகளும் திரும்ப வந்து நிற்கும், எழுதியவர் பாட் என்றால் விட்டுவிட வேண்டும். செய்தி வரம்பு 2000 எழுத்து. சர்வர் உறுப்பினர்களின் தனிச்செய்தியை மூடிவைத்தவருக்கு அனுப்பினால் 50007 பிழை.

மனிதரிடம் ஒப்படைப்பது

சாட்பாட்டால் தீராத கேள்விகள் வரும். அவற்றை நூலகப் பணியாளர்களின் குழுவுக்கு அனுப்பி, அங்கே எழுதும் பதிலைக் கேட்டவரின் தனி உரையாடலுக்குக் கொண்டுபோகலாம். செய்தியை ஃபார்வர்டு செய்து, அதன் தலையில் உள்ள பெயரை வைத்துத் திருப்பி அனுப்ப நினைத்தால் பாதி நேரம் முடியாது: ஃபார்வர்டில் கணக்குத் தெரியக் கூடாது என்று பலர் அமைப்பில் வைத்திருப்பார்கள், ஐடி வராது. காப்பிமெசேஜ் மூலம் பிரதி அனுப்பி, குழுவில் அதற்குக் கிடைத்த செய்தி எண்ணையும் கேட்டவரின் சாட் ஐடியையும் ஓர் அட்டவணையில் எழுதிக்கொள்ள வேண்டும். பணியாளர் அந்தச் செய்திக்கு ரிப்ளை கொடுத்தால் எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். குழுவில் தன்னைக் குறித்த செய்திகளை மட்டும் பாட்டுக்குக் காட்டும் பிரைவசி மோட் என்ற அமைப்பு இயங்கினாலும் சாட்பாட்டின் செய்திக்குக் கொடுக்கும் ரிப்ளை அதற்கு வந்துசேரும். பணியாளர்களின் மற்ற அரட்டை வராது. அதுவே நல்லது, குழுவில் பேசிக்கொண்டது எதுவும் தவறிப்போய் உறுப்பினருக்குப் போகாது. அட்டவணையில் இல்லாத எண்ணுக்கு ரிப்ளை வந்தால் குழுவிலேயே ‘இது யாருக்கென்று தெரியவில்லை’ என்று பாட் சொல்ல வேண்டும்; சும்மா இருந்தால் பதில் போய்விட்டது என்று பணியாளர் நினைத்துக்கொள்வார்.

இவ்வளவு செய்தும் ஒருநாள் பணியாளர் குழுவுக்கு எதுவுமே வராமல் போகலாம். சாதாரணக் குழு சூப்பர்குரூப்பாக உயர்த்தப்படும்போது அதன் சாட் ஐடி மாறிவிடுகிறது. பழைய எண்ணுக்கு அனுப்பினால் 400 பிழை. அதோடு மைக்ரேட்டுசாட்ஐடி என்று புது எண்ணும் வரும். அதைப் படித்து அமைப்புக் கோப்பில் மாற்றி, அதே செய்தியை மறுபடி அனுப்ப நான்கு வரி நிரல் போதும். குழுவை முதலிலேயே சூப்பர்குரூப்பாக மாற்றிவிட்டு அந்த எண்ணைப் பதிந்துகொண்டால் அதுவும் தேவைப்படாது.